ஆறரை சென்டிமீட்டர்

புகார்ச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
மேலே கறுப்பு, கீழே கறுப்பு, பேனல் போச்சு.
சாலிக்கிராமம். மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.

நான் ஷூவைக் கழற்றும் முன்பே
துரைக்கண்ணு ஆரம்பித்துவிட்டார்.
"நாப்பத்து மூணு இன்ச்சுக்குக் காசு வாங்கினீங்க.
படம் எத்தினி இன்ச்சுல ஓடுது, நீயே பாரு."

பார்த்தேன்.
டேப்பை எடுத்து அளந்தும் காட்டினேன்.
திரையின் அகலம் தொண்ணூற்றைந்து.
உயரம் ஐம்பத்து மூன்றரை.
படத்தின் உயரம் நாற்பது, சொச்சம்.
மிச்சத்தை மேலுக்கும் கீழுக்கும் பங்கு வைத்தால்
ஆறரை, ஆறரை.

பேனல் போகல சார்.
படம் தியேட்டருக்கு எடுத்தது, ரொம்ப அகலம்.
நீளமான பெஞ்ச் ஒன்றைக் குட்டி ரூமில் போட்டால்
இரண்டு முனையும் சுவரில் இடிக்கும்,
முன்னாலும் பின்னாலும் வெறும் தரை தெரியும்.
அந்தத் தரைதான் இது.

"அப்ப பெஞ்சை அறுத்துடு."

அறுப்பதற்கும் ரிமோட்டில் பட்டன் இருக்கிறது.
அழுத்தினேன்.
படம் வீங்கி
மேல் விளிம்பைத் தொட்டது, கீழ் விளிம்பைத் தொட்டது.
இந்தப் பக்கம் எட்டில் ஒன்று,
அந்தப் பக்கம் எட்டில் ஒன்று
சுவருக்குள் போய்விட்டது.
மேசைக்கு இருபுறமும் பேசிக்கொண்டிருந்த இருவரில்
ஒருவருக்கு மூக்கு மிஞ்சியது,
இன்னொருவருக்குக் காது.
துரைக்கண்ணுக்குத் திருப்தி.
"இப்பதான்யா டிவி."

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்லவில்லை.
தியேட்டரில் படத்தைச் சுற்றி
இதைவிடப் பெரிய கறுப்பு,
கூரை வரை, நம் மடி வரை, பக்கத்து சீட்டுக்காரர் முகம் வரை.
அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்தோம்.
ஒருத்தரும் புகார் கொடுத்ததில்லை.

அடுப்படியிலிருந்து
ஈரக் கையோடு வந்தார் பூங்காவனம்.
திரையைப் பார்த்தார்,
ரிமோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"என்னை வெட்டிட்டீங்களா?"

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால்
அதே படத்தில், பஸ் ஸ்டாண்ட் சீனில்,
இடது ஓரத்தில் கூடையோடு நின்றிருக்கிறார்.
நூற்றெண்பது ரூபாய், ஒரு தக்காளி சாதப் பொட்டலம்.
"பஸ்ஸே கிடையாது அங்க.
பஸ் வருது, பாருன்னாங்க. பார்த்தேன்."

தியேட்டரில் ஒருமுறை பார்த்ததோடு சரி.
அந்த தியேட்டரில் இப்போது கார் விற்கிறார்கள்.
பிறகு வீட்டில் ஒரு குண்டு டிவி, சதுரமாக.
பண்டிகைக்குப் பண்டிகை இந்தப் படம் வரும்,
திரையை நிரப்பியே வரும்,
ஒரு கறுப்பும் இருக்காது.
"ஆறு தடவை போட்டான்.
ஆறு தடவையும் நான் இல்லை.
எதிர்வீட்டு அம்மா நம்பவே இல்லை."

பின்னால் ஓட்டச் சொன்னார்.
பெரிதாக்கிய படத்தில்
கூடையின் பிடி, அரை வளையல்.
பட்டனை மறுபடி அழுத்தினேன்.
கறுப்பு மேலிருந்து இறங்கியது, கீழிருந்து ஏறியது.
நடுவே, இடது ஓரத்தில்,
பச்சைப் புடவையில் ஒரு பெண்
வராத பஸ்ஸுக்குக் கழுத்தைத் திருப்பினாள்.
மூன்று விநாடி.
கதாநாயகன் அழுதுகொண்டிருந்தான்,
அவனை யார் பார்த்தது.

துரைக்கண்ணு கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு எழுந்துபோய்
டியூப்லைட்டை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.
இருட்டில் பட்டைகள் கறுப்பாக இல்லை.
சாம்பலாக, லேசாக,
உள்ளே விளக்கு எரிந்துகொண்டே
காட்ட ஒன்றுமில்லாமல் இருந்தன.

"இந்த சீன் முடியற வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.
"அப்புறம் பெருசாக்கிக்கலாம்."
பூங்காவனம் ரிமோட்டைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

மாடிப்படியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன்.
கோளாறு: இல்லை.
மாற்றிய பாகம்: இல்லை.
காரணம் எழுத ஒரு கட்டம், தீப்பெட்டி அளவு.
எழுத எழுத
வரி கட்டத்தைத் தாண்டித் தாளின் விளிம்புக்குப் போனது.
ஆபீஸில் ஸ்கேன் எடுக்கும்போது
எப்படியும் ஓரத்தை வெட்டிவிடுவார்கள்.